வேலையிடத்தில் ஆபத்தின் அறிகுறிகள்: எதைப் பார்த்தால் என்ன செய்வது

வேலை செய்யும் இடத்தில் விபத்து பெரும்பாலும் முன்கூட்டியே ஏதாவது ஒரு வகையில் தலைகாட்டிவிடும். தொட்டால் சுர்ரென்று ஒரு இழுப்பு, லேசான கருகல் வாடை, மாறிப்போன மோட்டார் சத்தம், அடிக்கடி விழும் பிரேக்கர் என்று ஏதோ ஒன்று. நாம் அதைத் தொல்லையாகப் பார்ப்பதால் தொல்லையை மட்டும் நிறுத்திவிடுகிறோம். சென்சார் மேல் டேப் ஒட்டுகிறோம், பிரேக்கரை பைபாஸ் செய்கிறோம், மெஷின் முன்னால் மரப்பலகை போட்டு அதன்மேல் நிற்கிறோம். அறிகுறி மறைந்துவிடும், காரணம் அப்படியே இருக்கும். கீழே ஒவ்வொரு அறிகுறியிலிருந்தும் அதன் காரணத்துக்குப் போகும் வழியைத் தந்திருக்கிறேன். எது நடந்தாலும் முதலில் வேலையை நிறுத்துங்கள், சப்ளையைத் துண்டியுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். ஆராய்ச்சி அதற்குப் பிறகு. பேனலையோ வயரிங்கையோ திறக்கும் வேலை எலக்ட்ரீஷியனுடையது. மற்றவர்கள் அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதற்காகப் படிக்கலாம்.

மெஷினைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது

எர்த் சரியாக இருக்கும் மெஷினில் இப்படி இழுக்க வழியே இல்லை. ஆகவே இழுக்கிறது என்றாலே எர்த் இணைப்பு எங்கோ விட்டுப்போயிருக்கிறது, அல்லது முதலிலிருந்தே இல்லை. உள்ளே இன்சுலேஷன் கெட்டிருக்கலாம். கணினி, வேகக் கட்டுப்பாட்டு டிரைவ் போன்றவற்றில் ஃபில்டர் கப்பாசிட்டர் வழியாக இயல்பாகவே கசியும் சிறு மின்னோட்டமாகவும் இருக்கலாம். கையால் தொட்டு இரண்டையும் பிரித்தறிய முடியாது. நியான் டெஸ்டரும் இரண்டுக்குமே எரியும். டெஸ்டர் எரியவில்லை என்பதால் மின்சாரம் இல்லை என்று முடிவுகட்டுவதும் தவறு.

"லேசாகத்தான் இழுக்கிறது" என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் உடம்பின் கணக்கு. 1 மில்லி ஆம்பியர் போனாலே உணர்வு தெரியும். 10 மில்லி ஆம்பியர் அளவில் விரல்கள் இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 50 மில்லி ஆம்பியரைத் தாண்டி ஓரிரு நொடி நீடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். மெஷின் உடம்பில் இருக்கும் வோல்டேஜ் மாறாமல் இருக்க, உங்கள் கை உலர்ந்திருக்கிறதா, வியர்த்திருக்கிறதா, ஷூ நனைந்திருக்கிறதா என்பதை வைத்துத்தான் இந்த மின்னோட்டம் கூடுவதும் குறைவதும். காலையில் சுர்ரென்று இழுத்த அதே மெஷின், தரையைக் கழுவிவிட்ட பிறகு ஆளைப் பிடித்துக்கொள்ளும்.

மெஷினின் பிளக்கைப் பிடுங்குங்கள். கழற்ற முடியாத இணைப்பென்றால் ஐசொலேட்டரை (சப்ளையை முழுவதும் துண்டிக்கும் சுவிட்ச்) அணைத்துவிட்டு, தொடாதே என்று எழுதி மாட்டுங்கள். பிளக்கின் எர்த் முனை உடைந்திருக்கிறதா, இரண்டு முனை அடாப்டர் போட்டு எர்த்தை யாராவது விட்டுவிட்டார்களா என்று பார்ப்பது முதல் வேலை. பாதிப் பிரச்சினை அங்கேயே கிடைத்துவிடும். அடுத்து பிளக்கின் எர்த் முனைக்கும் மெஷினின் வெறும் உலோகத்துக்கும் இடையே மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்க்க வேண்டும். அதுவும் சரி என்றால் சாக்கெட் பக்கம் போகலாம். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் சரியாகக் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாகிவிடாது. ஒரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் எர்த் வயரிலும் மல்டிமீட்டர் முழு வோல்டேஜைக் காட்டும். எர்த் பாதையின் தடையை அளக்கும் லூப் டெஸ்டர் வைத்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். மெஷின் உள்ளே கசிவு இருக்கிறதா என்பதை இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் சொல்லும்.

யாராவது மின்சாரத்தில் பிடிபட்டுவிட்டால் அவரைத் தொடாதீர்கள். சப்ளையை அணையுங்கள். சுவிட்ச் தூரத்தில் இருந்தால் உலர்ந்த மரக்கட்டையால் வயரைத் தள்ளிவிடலாம். இது வீட்டு அளவு வோல்டேஜுக்கு மட்டும். உயர் அழுத்த லைன் என்றால் பக்கத்திலேயே போகக் கூடாது.

ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது

எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் விழும் பிரேக்கர்) வயரைக் காப்பாற்றுகிறது, ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் விழும் பிரேக்கர்) ஆளைக் காப்பாற்றுகிறது. 30 மில்லி ஆம்பியர் வகை ஆர்சிசிபி, கசிவு 15க்கும் 30க்கும் இடையில் எங்கோ விழும்படிதான் செய்யப்படுகிறது. இதை பைபாஸ் செய்துவிட்டு "இப்போ பிரச்சினை இல்லை" என்பவரிடம் பேசிப் பயனில்லை, பைபாஸ் வயரைக் கழற்றிவிட்டுப் பேசுங்கள்.

1. அந்த லைனில் உள்ள எல்லா பிளக்குகளையும் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. நியூட்ரல், எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் சுவிட்ச் அதைத் துண்டிக்காது.
2. ஆர்சிசிபியை ஏற்றிப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் பழுது வயரிங்கில் இருக்கிறது. அதோடு நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.
3. நின்றால் ஒவ்வொரு கருவியாகச் செருகி, ஓட விட்டுப் பாருங்கள். ஹீட்டர் போன்றவை சூடேறிய பிறகுதான் கசியும் என்பதால் சில நிமிடம் பொறுக்க வேண்டும்.
4. எந்தக் கருவியும் தனியாக விழவைக்கவில்லை, எல்லாம் சேர்ந்தால் விழுகிறது என்றால் சிறு கசிவுகள் கூட்டுச் சேர்ந்திருக்கின்றன. மின்னணுக் கருவி ஒவ்வொன்றும் இயல்பாகவே கொஞ்சம் கசியும். லைனைப் பிரித்து இரண்டு ஆர்சிசிபி போடுவதுதான் தீர்வு.

மழை பெய்தால் மட்டும் விழுகிறது என்றால் வெளியில் இருக்கும் விளக்கு, ஜங்ஷன் பாக்ஸ், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றில் தேடலைத் தொடங்குங்கள். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறது என்பது உள்ளே இருக்கும் பொறி வேலை செய்கிறது என்பதை மட்டுமே காட்டும், எர்த் இருப்பதை அல்ல. ஒரு கை ஃபேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் ஆர்சிசிபிக்குத் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிளக் சூடாகிறது, கருகல் வாடை வருகிறது

லூஸ் கனெக்ஷன். பத்துக்கு ஒன்பது இதுதான். கருகிய சாக்கெட்டில் புது பிளக்கைச் செருகினால் புது பிளக்கும் கருகும், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். டிரம்மில் சுற்றிய நிலையில் எக்ஸ்டென்ஷன் கேபிளைக் கனமான லோடுக்குப் பயன்படுத்தினால் உள்சுற்றுகளின் சூடு வெளியேற வழியில்லாமல் இன்சுலேஷன் உருகும். முழுவதும் பிரித்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். எக்ஸ்டென்ஷனில் இன்னொரு எக்ஸ்டென்ஷனைச் செருகியிருந்தால் வாடை வரும்வரை காத்திருக்கவே வேண்டாம்.

ஆங்கிள் கிரைண்டர் அதிர்கிறது, சத்தம் மாறிவிட்டது

உடனே அணையுங்கள். சுற்று முழுவதும் நிற்கும்வரை கீழே வைக்காதீர்கள். 100 மில்லிமீட்டர் டிஸ்க் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. உடைந்தால் துண்டு அந்த வேகத்தில்தான் கிளம்பும்.

டிஸ்க்கைக் கழற்றி விரிசல், விளிம்பு உதிர்வு, ஈரம் பட்ட கறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டாக உடைத்துப் போட்டுவிடுங்கள், முழுசாகக் குப்பையில் போட்டால் யாராவது எடுத்து மாட்டுவார்கள். ரெசின் டிஸ்க்கின் நடுவே உள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். டிஸ்க் நன்றாக இருந்தால் அதை இறுக்கிப் பிடிக்கும் ஃபிளேஞ்ச் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, நடுவே தூசு சிக்கியிருக்கிறதா, துளையின் அளவு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் சரியென்றால் பேரிங். கையால் தண்டை ஆட்டிப் பார்த்தாலே ஆட்டம் தெரியும்.

கார்டை (டிஸ்க்கைச் சுற்றியிருக்கும் பாதுகாப்பு மூடி) கழற்றிவிட்டுப் பெரிய டிஸ்க் மாட்டும் பழக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 180 மில்லிமீட்டர் டிஸ்க் தாங்கக்கூடியது பொதுவாக நிமிடத்துக்குச் சுமார் 8,500 சுற்று. அதை 11,000 சுற்று கிரைண்டரில் மாட்டினால் உடையத்தான் போகிறது, தடுக்கக் கார்டும் இல்லை. டிஸ்க்கில் எழுதிய சுற்று, மெஷினில் எழுதிய சுற்றுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வேறு கணக்கு தேவையில்லை. மரம் அறுக்கும் பல் பிளேடை கிரைண்டரில் மாட்டுவது இதைவிட மோசம், பல் கடித்துக்கொண்டால் மெஷின் உங்களை நோக்கித் திரும்பும். வெட்டும் டிஸ்க்கின் பக்கவாட்டில் வைத்துத் தேய்ப்பதும் கூடாது.

புது டிஸ்க் மாட்டினால் ஆளில்லாத பக்கம் காட்டி அரை நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள். மேஜை கிரைண்டரில் கல்லுக்கும் தாங்கிக்கும் இடையே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விழுந்தால் பொருள் உள்ளே இழுபடும். கல் தேயத் தேயத் தாங்கியை நகர்த்துங்கள். டிரில் மெஷினிலும் லேத்திலும் கையுறை போடாதீர்கள், துணி சிக்கினால் விரலையும் கொண்டுபோகும்.

மெஷினில் ஏதோ சிக்கிவிட்டது, கைவிட்டு எடுத்தால் போதும் போலிருக்கிறது

விரல் போன கதைகளில் பாதி இந்த வாக்கியத்தில்தான் தொடங்குகிறது. சிக்கிய பொருள் வெளிவந்ததும் நின்றிருந்த மெஷின் தானாகவே நகரும். ஸ்டாப் பட்டன் கட்டுப்பாட்டுச் சுற்றைத்தான் நிறுத்துகிறது. பின்னால் இருக்கும் சக்தி அப்படியே இருக்கும்.

1. மெயின் ஐசொலேட்டரை அணைத்து உங்கள் சொந்தப் பூட்டைப் போடுங்கள். சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு.
2. மிச்சம் இருக்கும் சக்தியை வெளியேற்றுங்கள். ஏர் லைனில் காற்று, ஹைட்ராலிக் அழுத்தம், இறுகிய ஸ்பிரிங், கப்பாசிட்டரில் சார்ஜ், தூக்கி நிற்கும் பாரம். இதில் எல்லோரும் மறப்பது கடைசியைத்தான். தூக்கி நிற்கும் பாகத்துக்குக் கட்டை வைத்துத் தாங்கல் கொடுக்க வேண்டும்.
3. ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். ஓடவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகு பட்டனை அணைந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுக் கைவையுங்கள்.
4. முடிந்ததும் கருவிகளை எண்ணி எடுத்து, கார்டுகளை மாட்டி, எல்லோரும் விலகிய பிறகு அவரவர் பூட்டை அவரவரே எடுக்க வேண்டும்.

ஒரே மெஷின் தினமும் சிக்குகிறது என்றால் பிரச்சினை பூட்டில் இல்லை. பொருள் வரும் வழி, பெல்ட்டின் இழுப்பு, தேய்ந்த வழிகாட்டி என்று காரணத்தைக் கண்டுபிடியுங்கள். கதவு சென்சாரில் டேப்பும் காந்தமும் ஒட்டப்பட்டிருக்கும் மெஷின்களைக் கவனித்தால், பெரும்பாலும் அந்தக் கதவு திறந்து மூட நேரம் பிடிப்பதாகவோ, சென்சார் தேவையில்லாமல் வெட்டுவதாகவோ இருக்கும். ஒட்டியவரைத் திட்டுவதோடு, கீல் வளைந்திருக்கிறதா, சென்சார் இடம் நகர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் டேப்பை மட்டும் பிய்த்தால் அடுத்த ஷிஃப்டில் புது டேப் வந்துவிடும்.

ஏணி ஆடுகிறது, அல்லது அடி வழுக்குகிறது

சாய்ப்பு ஏணியென்றால் உயரம் நான்கு பங்கு, அடி சுவரிலிருந்து தள்ளி ஒரு பங்கு. இதைவிட நிமிர்ந்தால் பின்பக்கம் சாயும், படுத்தால் அடி நழுவும். மேலே ஏறி இறங்கும் தளத்தைத் தாண்டி 1 மீட்டர் ஏணி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அடியில் செங்கல் முட்டுக்கொடுத்து உயரம் சரிசெய்திருந்தால் ஏறாதீர்கள். கால் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். எட்டவில்லை என்று உடம்பை வெளியே சாய்ப்பதற்குப் பதில் இறங்கி ஏணியை நகர்த்துங்கள், அரை நிமிட வேலை.

தரை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வழுக்குகிறது

துடைப்பது மட்டும் தீர்வாகாது. மேலே பாருங்கள், ஏதோ சொட்டுகிறது. சொட்டும் ஆயில் சீல், ஏசி வடிகால், கேன் நிரப்பும் இடம் என ஏதாவது ஒன்று. மரத்தூளைப் போட்டு உறிஞ்சவிடுவது தற்காலிகம், அந்தத் தூளே பிறகு தீப்பிடிக்கும் சமாசாரம்.

வெல்டிங் செய்த அன்று இரவு கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்துகிறது

வேலை செய்யும்போது ஒன்றும் தெரியாது. 6 முதல் 12 மணி நேரம் கழித்து இரண்டு கண்ணும் சிவந்து, நீர் வழிந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போகும். புற ஊதாக் கதிரால் கருவிழியின் மேல்பரப்பு வெந்திருக்கிறது. குளிர்ந்த ஒத்தடம் கொடுத்து, இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு, மருத்துவரிடம் காட்டுங்கள். பொதுவாக ஓரிரு நாளில் ஆறிவிடும். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை வீட்டில் வைத்துத் திரும்பத் திரும்ப விடாதீர்கள், புண் ஆறுவதை அது கெடுக்கும். ஒரு கண்ணில் மட்டும் உறுத்தினால் சந்தேகம் வேறு: இரும்புத் துகள் பதிந்திருக்கலாம். கசக்காமல் அன்றே காட்ட வேண்டும். வெல்டருக்கு உதவியாளராக நிற்பவருக்குத்தான் இது அதிகம், அவரிடம் முகமூடி இருப்பதில்லை.

துத்தநாகப் பூச்சுள்ள குழாய், தகடு வெல்டிங் செய்த சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல், உடம்பு வலி, வாயில் உலோகச் சுவை வந்தால் புகைக் காய்ச்சல். ஓரிரு நாளில் தணியும். பால் குடித்தால் முறியும் என்பது நம்பிக்கை மட்டுமே. பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு வெல்டிங் செய்வதும், புகையை முகத்துக்கு வருமுன் இழுத்துவிடுவதும்தான் வழி. மூச்சுத் திணறல் சேர்ந்து வந்தால் காத்திருக்காதீர்கள். காட்மியம் பூச்சின் புகையும் இதே போலத்தான் தொடங்கும், அது நுரையீரலைக் கெடுத்து உயிரைக் கொல்லும்.

வேலை முடிந்த பிறகும் காதில் ரீங்காரம்

கைநீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் 85 டெசிபலுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம் என்றால், 88ல் 4 மணி நேரம், 91ல் 2 மணி நேரம்தான். காலையில் ரீங்காரம் போய்விடுகிறது என்பதால் காது தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பஞ்சு உதவாது. நுரை அடைப்பானை மெல்லியதாக உருட்டி, மறு கையால் காதை மேல்நோக்கி இழுத்து, உள்ளே வைத்து, விரியும்வரை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வெளியே துருத்திக்கொண்டிருந்தால் போட்டதற்குச் சமம் இல்லை.

தொட்டிக்குள் இறங்கியவர் கூப்பிட்டால் பதில் சொல்லவில்லை

இறங்காதீர்கள். யாரையும் இறங்க விடாதீர்கள். முதலில் விழுந்தவரைத் தூக்கப் போய் அடுத்தவர், அவரைத் தூக்கப் போய் மூன்றாமவர் என்று உயிர்கள் போவது மூடிய இடங்களில்தான். மீட்புப் படையைக் கூப்பிடுங்கள், மேலிருந்து புளோவர் வைத்துக் காற்றை உள்ளே செலுத்துங்கள். அவர் உடலில் பட்டையும் கயிறும் இருந்தால் வெளியில் நின்றபடியே இழுங்கள். சிலிண்டரிலிருந்து ஆக்சிஜனைத் திறந்துவிடக் கூடாது, ஒரு பொறியில் உள்ளே எல்லாம் பற்றிக்கொள்ளும்.

சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே போனால் நுழையக் கூடாது. 10க்குக் கீழே ஆள் நினைவிழந்து விழுவார், அதற்கு முன்னால் மூச்சு முட்டுவது போலத் தோன்றாமலேகூட இருக்கலாம். ரசாயனமே படாத வெறும் இரும்புத் தொட்டியிலும் இது நடக்கும், துருப்பிடிப்பதே ஆக்சிஜனைத் தின்றுவிடும். சாக்கடையில் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் அடித்துவிட்டு "இப்போ வாசம் போயிடுச்சு" என்றால் வாயு போய்விட்டது என்று பொருளல்ல. சுமார் 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவில் அது மூக்கையே மரத்துப்போகச் செய்கிறது. மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்ப்பது இன்னும் மோசம். ஆள் தடுமாறும் அளவு ஆக்சிஜன் குறைந்தும் சுடர் எரிந்துகொண்டிருக்கலாம், நச்சு வாயுவை அது காட்டவே காட்டாது, மீத்தேன் இருந்தால் வெடிக்கும்.

இறங்குவதற்கு முன் வாயு அளவியை வெளியிலிருந்தே இறக்கி மேல், நடு, அடி மூன்றிலும் பாருங்கள். ஆக்சிஜன், எரியும் வாயு, நச்சு வாயு என்ற வரிசையில். அளவி இறங்குபவர் உடம்பிலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சேற்றைக் கிளறினால் அடைபட்ட வாயு புதிதாகக் கிளம்பும். வெளியே ஒருவர் நிற்க வேண்டும், அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது, எந்த நிலையிலும் அவர் இறங்கக் கூடாது. அளவி இல்லையென்றால் அன்று அந்த வேலை இல்லை.

கழுவும்போது இருமல், கண் எரிச்சல். அல்லது ரசாயனம் கண்ணில் தெறித்தது

பிளீச்சோடு ஆசிட் கலந்தால் குளோரின் வாயு வரும், அம்மோனியா உள்ள திரவம் கலந்தால் குளோரமின். "இரண்டும் சேர்ந்தால் இன்னும் பளிச்சென்று வரும்" என்று கலப்பவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். வெளியே வந்து காற்றாட நில்லுங்கள். இருமல் நின்றாலும் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம், ஆகவே நிறைய சுவாசித்தவர் மருத்துவமனைக்குப் போவது நல்லது. கண்ணில் தெறித்தால் இமையைப் பிரித்துப் பிடித்து ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள், அதற்குப் பிறகு மருத்துவர். ஆசிட்டுக்குச் சோடா என்று முறிக்கப் பார்க்காதீர்கள். நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். லேபிள் இல்லாத பாட்டில் கண்ணில் பட்டால் அதை முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க முயலாதீர்கள்.

வெப்பத்தில் வேலை செய்பவர் சம்பந்தமில்லாமல் பேசுகிறார்

தசைப்பிடிப்பு, தலைவலி, குமட்டல், கொட்டும் வியர்வை என்றால் நிழலுக்கு வரவழைத்துத் தண்ணீர் கொடுத்தால் பெரும்பாலும் தேறுவார். பேச்சில் குழப்பம், தள்ளாட்டம், மயக்கம் வந்துவிட்டால் வெப்பத்தாக்கு. உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும், வியர்வை நிற்காமலும் இருக்கலாம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு அது வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வையுங்கள். குழம்பியிருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். அதிகம் விழுபவர்கள் புதிதாகச் சேர்ந்தவர்களும் விடுப்பு முடிந்து வந்தவர்களும். முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு கொடுத்து, நாளுக்கு நாள் கூட்டுங்கள். தாகம் எடுக்கும்வரை பொறுக்காமல் 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர்.

தூக்கினால் முதுகு பிடிக்கிறது, விரல் மரத்துப்போகிறது

எடையை மட்டும் பார்க்காதீர்கள், எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். எல்லாம் சாதகமாக இருந்தால் தூக்கலாம் என்று அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயாஷ் கணக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு 23 கிலோ. அதையே கையை முழுதாக நீட்டி, உடம்பிலிருந்து 63 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் வரம்பு 9 கிலோவாகச் சுருங்கிவிடும். தரையில் இருக்கும் சரக்கை இடுப்பு உயர மேஜைக்கு மாற்றுவது எந்த இடுப்பு பெல்ட்டையும் விடப் பயன் தரும். காலில் மரப்பு பரவினாலோ சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அன்றே மருத்துவமனை.

அதிரும் கருவி பிடிப்பவருக்குக் குளிரில் விரல் நுனி வெளுத்து மரத்துப்போனால் ரத்த ஓட்டமும் நரம்பும் பாதிக்கப்படத் தொடங்கியிருக்கின்றன. முற்றினால் திரும்பாது. கருவியின் பேரிங்கையும் முனையையும் மாற்றி அதிர்வைக் குறையுங்கள், கையைச் சூடாக வைத்திருங்கள், ஒரே ஆளிடம் நாள் முழுக்க அந்தக் கருவியைக் கொடுக்காமல் மாற்றி மாற்றிக் கொடுங்கள். அதிர்வைத் தடுக்கும் என்று விற்கும் கையுறையை நம்பி நேரத்தைக் கூட்டாதீர்கள். சட்டை பட்டன் போடத் தடுமாறுகிறார் என்றால் அவரை அந்தக் கருவியிலிருந்து எடுத்துவிட வேண்டும்.